கடன் தந்த குரல்: கேத்தி ஹியூஸும் அவரது வானொலி நிலையமும்

கேத்தி ஹியூஸின் வாழ்க்கையைப் பலரும் ஒரே வரியில் சுருக்கிவிடுகிறார்கள்: வானொலியில் பேசிக்கொண்டிருந்தவர், பின்னாளில் வானொலி நிலையங்களின் அதிபரானார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது அந்த வரிசையில் அல்ல. அவர் முதலில் விளம்பரம் விற்றார். அடுத்து ஒரு நிலையத்தை நிர்வகித்தார். அதன்பின் தலைக்கு மேல் கடன் வாங்கி ஒரு நிலையத்தை விலைக்கு எடுத்தார். அறிவிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் போனபோதுதான் தானே ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் கறுப்பின மக்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் காலைதோறும் கேட்ட அந்தக் குரலைப் பிறப்பித்தது கடன்தான்.

வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வானொலியில் பேசுபவரைத்தான் நேயர்கள் அறிவார்கள், அவர்மேல்தான் அன்பு வைப்பார்கள். ஆனால் அந்த அலைவரிசை அவருடையது அல்ல. உரிமம் வைத்திருப்பவர் நினைத்தால் நாளைக் காலை அதே நேரத்தில் வேறொரு குரல் ஒலிக்கும். அமெரிக்காவில் வான்வெளி அலைகள் பொதுமக்களின் சொத்து என்பது சட்டத்தின் அடிப்படை. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தால் உருவான கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், இன்ன அலைவரிசையை இன்னார் இவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று உரிமம் தருகிறது. ஒரு நிலையத்தை வாங்குவது என்றால் கட்டடத்தையும் கோபுரத்தையும் வாங்குவதோடு, ஆணையத்தின் ஒப்புதலுடன் அந்த உரிமத்தையும் பெறுவது. விலையின் பெரும்பகுதி அந்தக் காகிதத்துக்குத்தான்.

அந்தக் காகிதம் கறுப்பினத்தவர் கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1940களின் இறுதியில் கறுப்பின அறிவிப்பாளர்களைக் கொண்டு கறுப்பின நேயர்களுக்காகவே ஒலிபரப்பத் தொடங்கியது. பின்னாளில் புளூஸ் இசையில் புகழ்பெற்ற பி.பி. கிங் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர். நிலையத்தின் உரிமையாளர்களோ வெள்ளையர். 1949இல் அட்லாண்டாவில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கணக்காளர் டபிள்யூ.ஈ.ஆர்.டி. நிலையத்தை வாங்கியபோதுதான் முதன்முதலாக ஒரு நிலையம் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமாயிற்று. பின்னாளில் அந்தக் கட்டடத்திலேயே மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகமும் இருந்தது. கிங் ஏதாவது அறிவிக்க விரும்பினால் துடைப்பக் கட்டையால் மேல்தளத்தைத் தட்டுவார், அறிவிப்பாளர் ஒலிவாங்கியைச் சன்னல் வழியாகக் கீழே இறக்கிவிடுவார் என்று ஒரு கதை அந்த நகரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. நிலையம் நம்முடையதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு துடைப்பம் போதும்.

ஆனால் அப்படிப்பட்ட நிலையங்கள் அரிது. 1978இல் ஆணையமே கணக்கெடுத்துப் பார்த்தபோது, நாட்டிலிருந்த ஏறக்குறைய 8,500 வணிக ஒலி, ஒளிபரப்பு நிலையங்களில் சிறுபான்மையினர் கையில் இருந்தவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

ஒமாஹாவிலிருந்து

கேத்தரின் எலிசபெத் வுட்ஸ் 1947 ஏப்ரல் 22 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய குடியிருப்பில் வளர்ந்தவர். ஆனால் குடும்பத்தின் பின்னணி சாதாரணமானதல்ல. தாய் ஹெலன், 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்ற பெண்கள் இசைக்குழுவில் டிராம்போன் வாசித்தவர். இனப் பிரிவினைச் சட்டங்கள் நடப்பில் இருந்த தென் மாநிலங்களிலும் பல இனப் பெண்கள் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்த குழு அது. தாத்தா லாரன்ஸ் ஜோன்ஸ், மிசிசிப்பியில் 1909இல் பைனி வுட்ஸ் பள்ளியை நிறுவியவர். அந்த இசைக்குழுவே பள்ளிக்கு நிதி திரட்டத்தான் தொடங்கப்பட்டது.

1954இல் அந்தத் தாத்தாவை ஒரு தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். நிகழ்ச்சி நடத்துநர், பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் அனுப்பினால் போதும் என்று பள்ளிக்காகக் கேட்டுக்கொண்டார். ஏழு லட்சம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. கேத்திக்கு அப்போது ஏழு வயது. ஒரு குரல் வீடுகளுக்குள் நுழைந்து கேட்டால் மக்கள் கையைத் திறப்பார்கள் என்பது அவரது குடும்பத்தில் நடந்த நிகழ்ச்சி. அதை அவர் எப்படி உள்வாங்கிக்கொண்டார் என்று நான் ஊகிக்க மாட்டேன். வேறொன்றை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்: சிறுமியாக இருக்கும்போது பல் துலக்கும் பிரஷ்ஷை ஒலிவாங்கியாகப் பிடித்துக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செய்தியும் விளம்பரமும் வாசிப்பாராம். வீட்டுக்கு இருந்தது ஒரே குளியலறை. வெளியே உடன்பிறந்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

பதினாறாம் வயதில் கருவுற்றார். மகன் ஆல்ஃபிரட் 1965இல் பிறந்தான். தான் வேலை தேடி ஓடியதற்கும் விழுந்தபோதெல்லாம் எழுந்ததற்கும் அந்தப் பிள்ளையே காரணம் என்பார் கேத்தி. திருமணம் நிலைக்கவில்லை. கல்லூரிக்குப் போனார், பட்டம் பெறவில்லை. 1960களின் இறுதியில் ஒமாஹாவின் கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தில் கிடைத்த வேலையையெல்லாம் செய்யத் தொடங்கினார். உள்ளூர்க் கறுப்பினத்தவர் சேர்ந்து முதலீடு செய்து எடுத்து நடத்திய நிலையம் அது. சொந்த நிலையம் என்றால் என்ன என்பதை அவர் பார்த்த முதல் இடமும் அதுவே.

1971இல் வாஷிங்டன் வந்தார். கறுப்பினத்தவரின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான ஹாவர்டு பல்கலைக்கழகம் அப்போதுதான் தகவல்தொடர்புத் துறையைத் தொடங்கியிருந்தது. அங்கே விரிவுரையாளர் பணி கிடைத்தது. அதே ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் நிறுவனம் தன் பண்பலை நிலையம் ஒன்றை அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது. டபிள்யூ.எச்.யூ.ஆர். என்று பெயர் மாறிய அந்த நிலையத்தின் விளம்பர விற்பனைப் பொறுப்பை 1973இல் கேத்தி ஏற்றார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலராக இருந்த வருவாய் முப்பது லட்சத்தைத் தொட்டது. 1975இல் நிலையத்தின் பொது மேலாளர் ஆனார். அந்த நகரத்தில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

கைநழுவிப் போன இரவு

1976இல் நடந்த ஒன்றை வைத்தே பிற்பாடு நடந்த அனைத்தையும் புரிந்துகொள்ள முடியும்.

இரவு நேரம். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் விளக்கைத் தாழ்த்தி உட்காரும் பொழுது. அந்நேரத்தில் மற்ற நிலையங்கள் பகலில் ஓட்டிய அதே துள்ளலான பாடல்களையே ஓட்டிக்கொண்டிருந்தன. மெல்வின் லிண்ட்சே என்ற மாணவர் டபிள்யூ.எச்.யூ.ஆரில் மெதுவான காதல் பாடல்களை, இடையில் அதிகம் பேசாமல், ஒன்றோடொன்று இழைத்து ஒலிபரப்பினார். கேத்தி அதை ஒரு நிகழ்ச்சியாகவே வடிவமைத்து, 'கொயட் ஸ்டார்ம்' என்று பெயர் சூட்டி நிலைநிறுத்தினார். ஸ்மோக்கி ராபின்சன் முந்தைய ஆண்டு பாடியிருந்த பாடலின் பெயர் அது. வாஷிங்டனில் நடுத்தர வருவாய்க்காரர்களாக வளர்ந்துகொண்டிருந்த கறுப்பினக் குடும்பங்கள் அந்த நிகழ்ச்சியில் தங்களையே கண்டார்கள். சில ஆண்டுகளில் நாடெங்கும் உள்ள நிலையங்கள் அதே பாணியை, அதே பெயரிலேயே, எடுத்துக்கொண்டன.

இந்த வடிவத்தைப் பதிவுசெய்து, பிற நிலையங்களுக்கு உரிமத்தொகைக்குத் தர வேண்டும் என்று கேத்தி பல்கலைக்கழகத்திடம் கேட்டார். நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நாடெங்கும் பரவிய ஒரு கருத்திலிருந்து அதை வளர்த்தவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை. பிற்காலப் பேட்டிகளில் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரு முடிவையும் சேர்த்தே சொல்கிறார்: அடுத்த முறை தனக்கு ஒரு நல்ல யோசனை வந்தால் அது தன் சொந்த நிலையத்தில்தான் அரங்கேறும்.

நிர்வாகத்தின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாடல்களை எந்த வரிசையில், எந்த மனநிலையில் ஒலிபரப்புவது என்பதைச் சொத்தாகப் பதிவு செய்வது எளிதல்ல. பெயரை வேண்டுமானால் காக்கலாம், பாணியைக் காப்பது கடினம். ஆனாலும் அந்தப் பெயரையாவது காத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

முப்பத்து மூன்றாவது வங்கி

1978இல் ஆணையம் ஒரு கொள்கை அறிவிப்பு வெளியிட்டது. சிறுபான்மையினருக்கு நிலையத்தை விற்கும் உரிமையாளர், அந்த விற்பனையில் கிடைக்கும் இலாபத்துக்கான வரியைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். உரிமம் பறிபோகும் விசாரணையில் சிக்கியவர், சந்தை விலையைவிடக் குறைத்துச் சிறுபான்மையினருக்கு விற்றுவிட்டு வெளியேறலாம். இரண்டுமே விற்பவருக்குத் தூண்டுதல் தரும் ஏற்பாடுகள். வாங்குபவரின் கைக்கு அவற்றால் பணம் வரவில்லை. கதவு திறந்தது, உள்ளே போகக் காசு வேண்டும். காசு வங்கியில் இருந்தது.

கேத்தியும் அவரது இரண்டாவது கணவர் டூயி ஹியூஸும் டபிள்யூ.ஓ.எல். என்ற மத்திய அலை நிலையத்தின்மேல் கண்வைத்தார்கள். 1960களில் வாஷிங்டனின் கறுப்பின மக்களுடைய நாடித்துடிப்பாக இருந்த நிலையம் அது. சிறை சென்று மீண்ட பீட்டி கிரீன் தெருவின் மொழியில் உண்மை பேசியது அங்கேதான். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரம் தீப்பற்றி எரிந்த இரவில், வீட்டுக்குப் போங்கள் என்று மக்களிடம் அவர் மன்றாடியதும் அந்த அலைவரிசையில்தான். டூயி அந்த நிலையத்தில் பணியாற்றியவர்.

ஏறக்குறைய பத்து லட்சம் டாலருக்கு அந்த நிலையம் விலைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. பண்பலையில் இசை தெளிவாக, இரு காதுக்கும் பிரிந்து ஒலிக்கத் தொடங்கியபின் 1970களின் இறுதியில் நேயர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். மத்திய அலையில் இசை கேட்க ஆள் குறைந்தது. அங்கே பாடல்களை நம்பி உட்கார்ந்தால் மூழ்குவது நிச்சயம் என்பதைக் கேத்தி கண்டுகொண்டார். அவரது திட்டம் வேறு. நாள் முழுவதும் பேச்சு: செய்தி, விவாதம், நேயர்களின் தொலைபேசி அழைப்புகள், எல்லாமே கறுப்பின மக்களின் பார்வையிலிருந்து. பேச்சுக்குப் பண்பலையின் தெளிவு வேண்டியதில்லை. மத்திய அலையின் கரகரப்பு போதும்.

முப்பத்திரண்டு வங்கிகள் மறுத்தன. முப்பத்து மூன்றாவதாகச் சென்ற கெமிக்கல் வங்கியில், புவெர்ட்டோ ரிக்கோவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பெண் அதிகாரி கடனுக்கு ஒப்புதல் அளித்தார். அதுவரை தான் சந்தித்த அதிகாரிகள் எல்லாரும் ஆண்கள் என்பதைக் கேத்தி எப்போதும் குறிப்பிடுவார். சிறுபான்மையினரின் ஊடக முயற்சிகளுக்கு முதலீடு தரவென்றே தொடங்கப்பட்டிருந்த சின்காம் நிறுவனமும் பணம் தந்தது. 1980இல் நிலையம் கைக்கு வந்தது.

பேச்சு வானொலி பற்றி இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கேட்பவருக்கு அது எளிமையாகத் தோன்றும்: ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் தொலைபேசியில் பதில் சொல்கிறார். கணக்குப் பார்ப்பவருக்கோ அதுவே மிகச் செலவு பிடிக்கும் வடிவம். பாட்டு நிலையத்துக்கு ஓர் அறிவிப்பாளரும் இசைத்தட்டுகளும் போதும்; தட்டுகளை நிறுவனங்களே அனுப்பிவைக்கும். பேச்சு நிலையத்தில் ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் ஒரு நடத்துநர், அவருக்குத் தயாரிப்பாளர், செய்தி திரட்ட நிருபர்கள், அழைப்புகளை வடிகட்ட ஆட்கள் என்று சம்பளப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வருவாய் வரும்முன் செலவு வந்துவிடும்.

கடன் கொடுத்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே பேச்சை நிறுத்திப் பாட்டுக்குத் திரும்பும்படி நெருக்கினார்கள். காலை நேரத்தையாவது விட்டுவையுங்கள் என்று கேத்தி கெஞ்சினார். மக்கள் வண்டியில் வேலைக்குப் போகும் அந்த மணி நேரங்களில்தான் நேயர்களும் மிகுதி, விளம்பர விலையும் உச்சம். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைக்கக் கூடாது. அப்படித்தான் நிலையத்தின் உரிமையாளர் அதன் காலை நேர ஒலிபரப்பாளர் ஆனார். முன் அனுபவம் மிகக் குறைவு. விருப்பப்பட்டு எடுத்த முடிவுமல்ல.

இதற்கிடையே டூயி கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார், மணவாழ்க்கை முறிந்தது. அவருடைய பங்கையும் கேத்தியே வாங்கினார். கடன் இன்னும் ஏறியது. வீடு போயிற்று, காரும் போயிற்று. பதின்ம வயது மகனோடு நிலையத்துக்குள்ளேயே குடிபுகுந்தார். இரவில் தரையில் தூக்கப் பை, சிறு மின்னடுப்பில் சமையல், நிலையத்தின் கழிப்பறையில் குளியல். விடிந்ததும் அதே கட்டடத்தில் அதிபர், விற்பனையாளர், ஒலிபரப்பாளர். பரம்பரையாக வந்த ஒரு பழங்காலக் கடிகாரத்தையும் விற்றார். இந்த நாட்களைச் சாகசக் கதைபோல எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைத் தரையில் படுக்கவைத்த இரவுகள் அவை. அதே திறமையும் அதே உரிமமும் கொண்டு, வங்கிக்குள் நுழைந்ததும் கடன் கிடைக்கும் தோல் நிறத்தோடு பிறந்த ஒருவருக்கு அந்த இரவுகள் வாய்த்திருக்காது.

பதினைந்தாம் தெருவில் குவிந்த பத்திரிகைகள்

1968 கலவரத்தில் எரிந்து பாழடைந்து கிடந்த எச் தெருவுக்குக் கேத்தி பிற்பாடு நிலையத்தைக் கொண்டுபோனார். அந்தத் தெருவில் கடை போட யாரும் துணியாத காலம். தெருவைப் பார்த்த கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் கலையகம். நடந்துபோகிறவர்கள் பேசுபவரைப் பார்த்துக் கையசைக்கலாம். தகவலே வலிமை என்பது நிலையத்தின் முழக்கம்.

1986 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தன் ஞாயிறு இதழைப் புதுப்பித்து வெளியிட்டது. முதல் இதழின் அட்டைக் கட்டுரை, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பின ராப் பாடகரைப் பற்றியது. அதே இதழில் ஒரு பத்தி எழுத்தாளர், இளம் கறுப்பின ஆண்கள் வந்தால் நகைக்கடைக்காரர்கள் கதவைத் திறக்க மறுப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது என்னும் பொருளில் எழுதியிருந்தார். மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவராக இருந்த நகரம் அது.

கேத்தி காலை நிகழ்ச்சியில் நேயர்களைக் கேட்டார்: அந்த இதழைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமா? ஞாயிறுதோறும் மக்கள் பதினைந்தாம் தெருவிலுள்ள நாளிதழ் அலுவலகத்தின் வாசற்படிகளில் ஆயிரக்கணக்கான பிரதிகளைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். இப்படிப் பதின்மூன்று வாரங்கள். இறுதியில் நாளிதழின் வெளியீட்டாளர் டொனால்ட் கிரகாம் கேத்தியின் நிகழ்ச்சிக்கே வந்து வருத்தம் தெரிவித்தார்.

கேத்தியை வாஷிங்டன் வானொலிக்குக் கொண்டுவந்த டபிள்யூ.எச்.யூ.ஆர். நிலையம் ஒரு காலத்தில் அதே நாளிதழின் சொத்தாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். நன்கொடையாகப் பெற்ற அலைவரிசையில் சம்பளத்துக்கு இருக்கும் மேலாளர் இந்தப் போராட்டத்தை நடத்தியிருக்க முடியுமா? ஓரிரு வாரங்களில் நிர்வாகக் குழு கூடியிருக்கும். கேத்தியின் கதையில் சொந்த நிலையம் என்பதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்குவது இந்த இடத்தில்தான். அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல மேலே ஒருவரும் இல்லை. கடன்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தவணை போய்ச் சேர்ந்தால் போதும்.

குறை சொன்னவர்களும் உண்டு. மேயர் மேரியன் பேரி போதைப்பொருள் வழக்கில் 1990இல் கைதானபோதும் கேத்தி அவர் பக்கமே நின்றார். நிகழ்ச்சி ஒரு தரப்பாகவே ஒலிக்கிறது என்ற விமரிசனம் எழுந்தது. அந்த விமரிசனத்தில் உண்மை இருக்கிறது.

பெருகிய நிலையங்கள், மாறிய விதி

பல ஆண்டுகள் நட்டத்தோடு போராடியபின் 1980களின் நடுப்பகுதியில் டபிள்யூ.ஓ.எல். இலாபம் காட்டியது. 1987இல் டபிள்யூ.எம்.எம்.ஜே. என்ற பண்பலை நிலையத்தை வாங்கினார். இளைஞர்களை விட்டுவிட்டு, முப்பதைத் தாண்டிய கறுப்பின நேயர்களை மட்டும் இலக்காகக் கொண்ட இசை அங்கே ஒலித்தது. பணம் செலவழிக்கக்கூடிய வயதினர் அவர்கள். வருவாய் ஈட்டித் தந்த நிலையம் இதுதான். பேச்சு நிலையத்தைத் தாங்கிப் பிடித்ததும் இதுதான். அதன்பின் பால்டிமோர், அட்லாண்டா என்று நிலையங்கள் கூடின. ரேடியோ ஒன் என்பது நிறுவனத்தின் பெயர். வளர்ந்து வணிக மேலாண்மை படித்த மகன் ஆல்ஃபிரட் 1997இல் தலைமைச் செயல் அலுவலரானார்.

நேயர்கள் கூடினால் விளம்பரமும் தானாகக் கூடும் என்று நினைக்கலாம். அப்படி நடக்கவில்லை. கறுப்பின நேயர்கள் கேட்கும் நிலையங்களுக்கு விளம்பரம் தர வேண்டாம் என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவைக்கும் வழக்கம் விளம்பரத் துறையில் இருந்தது. ஒதுக்காதவர்களும், அதே எண்ணிக்கை நேயர்களுக்குக் குறைந்த விலையே கொடுத்தார்கள். ஆணையத்துக்காகச் செய்யப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஆவணப்படுத்தியது. நகரத்தின் முதலிடத்தில் இருந்தாலும் வருவாயில் முதலிடம் வராது. ஒரு நிலையத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பாரபட்சத்தை எதிர்ப்பது கடினம். பல நகரங்களின் நிலையங்களைச் சேர்த்து ஒரே பேரமாகப் பேசினால் விளம்பரதாரர் காது கொடுப்பார். ரேடியோ ஒன் பெருத்ததற்கு ஆசை மட்டும் காரணமல்ல என்று நான் எண்ணுவதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது காரணம் சட்டம். 1995இல் நாடாளுமன்றம் அந்த 1978ஆம் ஆண்டு வரிச் சலுகையை நீக்கியது. அடுத்த ஆண்டே புதிய தகவல்தொடர்புச் சட்டம் வந்தது. அதுவரை நாடு முழுவதும் ஒருவர் நாற்பது வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த வரம்பு அடியோடு போயிற்று. பெரிய நகரங்களில் ஒரே உரிமையாளர் எட்டு நிலையங்கள்வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் ஏறக்குறைய 1,200 நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. உரிமங்களின் விலை விண்ணைத் தொட்டது. ஒற்றை நிலையம் வைத்திருந்த கறுப்பின உரிமையாளர்கள் பலர் விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். சிறியவராக நீடிக்கும் வழி அடைபட்டுவிட்டது. இனி வாங்கு, அல்லது விற்றுவிடு.

கேத்தியும் ஆல்ஃபிரடும் வாங்கினார்கள். 1999இல் ரேடியோ ஒன் பங்குச் சந்தையில் இறங்கியது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றின் தலைவரான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்ற இடம் கேத்திக்குக் கிடைத்தது. 2000இல் கிளியர் சேனல் தன் இணைப்புக்காகக் கைவிட வேண்டியிருந்த பன்னிரண்டு நிலையங்களை 130 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 2004இல் டிவி ஒன் என்ற தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. பின்னர் 2008 நிதி நெருக்கடியில் விளம்பரம் சரிந்தபோது, வாங்கிய கடனின் பாரம் தாங்காமல் ஒரு பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. 2017இல் நிறுவனம் அர்பன் ஒன் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பாடியவருக்கு என்ன பங்கு?

2009இல் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தொகை தர வேண்டும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தர வேண்டியதில்லை. வானொலியில் ஒலிப்பதே அவர்களுக்கு இலவச விளம்பரம் என்பது நிலையங்களின் பழைய வாதம். இதை மாற்ற ஜான் கான்யர்ஸ் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் கறுப்பினத்தைச் சேர்ந்த மூத்த நாடாளுமன்ற உறுப்பினர். கறுப்பினப் பாடகர்கள் பலர் முதுமையில் வறுமையில் வாடியதைக் கண்டவர்.

கேத்தி அந்த மசோதாவைத் தன் நிலையங்கள் அனைத்திலும் கடுமையாக எதிர்த்துப் பேசினார். கறுப்பின வானொலியே அழிந்துவிடும் என்பது அவர் வாதம். ஏற்கெனவே விளம்பரப் பாரபட்சத்தால் நலிந்த நிலையங்கள் புதிய செலவைத் தாங்காது என்பதில் கணக்கு இருந்தது. சிறிய நிலையங்களுக்குக் குறைந்த தொகை என்று மசோதாவில் சலுகை இருந்ததும் உண்மை. ரேடியோ ஒன் அந்த வரம்புக்குள் அடங்காத அளவுக்குப் பெருத்திருந்தது. மசோதா நிறைவேறவில்லை.

தான் வளர்த்த இரவு நிகழ்ச்சிக்காக ஒரு காசும் பெறாமல் வெளியேறியவர், அந்த நிகழ்ச்சியில் ஒலித்த குரல்களுக்குப் பங்கு தருவதை எதிர்த்து நின்றார். இதை எழுதும்போது எனக்கு மனம் சங்கடப்படுகிறது. தரையில் படுத்த இரவுகளை மதிப்பவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவேளை அந்த இரவுகளே அவரை இப்படி யோசிக்கப் பழக்கியிருக்கலாம்: தவணை நாள் நெருங்கும்போது முதலில் நிலையம், மற்றதெல்லாம் பிறகு.

2016இல் ஹாவர்டு பல்கலைக்கழகம் தன் தகவல்தொடர்புத் துறைக்குக் கேத்தி ஹியூஸின் பெயரைச் சூட்டியது. மாணவர்கள் அங்கே ஒலிபரப்பு, இதழியல் எல்லாம் படிக்கிறார்கள். கேத்தியிடம் இளங்கலைப் பட்டம் இல்லை. டபிள்யூ.எச்.யூ.ஆர். இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். வாஷிங்டனில் மத்திய அலையில் 1450ஐத் திருப்பினால் டபிள்யூ.ஓ.எல். கேட்கிறது. நிறுவனத்தின் பெரிய பண்பலை நிலையங்களோடு ஒப்பிட்டால் அதன் வருவாய் சொற்பம். அதை விற்கவில்லை. அங்கே இன்றும் பேசுகிறார்கள்.